பின்னால் பார்த்த பையன்: 'ஹிம்' ஆ, 'ஹிம்செல்ஃப்' ஆ?

போன மாதம் என் மகள் ஆங்கிலத் தேர்வுத் தாளைக் கையெழுத்துக்காகக் கொண்டு வந்தாள். எட்டாம் வகுப்பு. கோடிட்ட இடத்தை நிரப்பும் பகுதியில் ஒரு விடையின்மேல் சிவப்பு மையில் குறுக்குக் கோடு. ஒரு பையன் சத்தம் கேட்டுத் திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தான் என்பது வாக்கியம். 'லுக்ட் பிஹைண்ட்' என்று வந்து, அப்புறம் ஒரு கோடு. இவள் 'ஹிம்' என்று எழுதியிருந்தாள். ஆசிரியை அதை அடித்துவிட்டு மேலே 'ஹிம்செல்ஃப்' என்று எழுதியிருந்தார். ஒரு மதிப்பெண் போச்சு.

"கதைப் புத்தகத்துல எல்லாம் 'பிஹைண்ட் ஹிம்'னுதானேப்பா வருது?" என்றாள்.

நான் லேப்டாப்பிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னேன்: "பார்த்தது யாரு? பையன். யாருக்குப் பின்னாடி பார்த்தான்? அதே பையனுக்கு. ரெண்டும் ஒரே ஆளா இருந்தா 'செல்ஃப்' போடணும். மிஸ் போட்டதுதான் சரி. கதைப் புத்தகத்துல ஆயிரம் இருக்கும்மா, ரூல்னு ஒண்ணு இருக்குல்ல?"

கையெழுத்தும் போட்டேன். தாளை வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து ராத்திரி ஒரு ஆங்கிலத் துப்பறியும் நாவல் படித்துக்கொண்டிருந்தேன். ஒருத்தி அறைக்குள் வந்து கதவைச் சாத்துகிறாள். தனக்குப் பின்னால் சாத்துகிறாள் என்பதற்கு 'பிஹைண்ட் ஹெர்' என்றுதான் இருந்தது. சுருக்கென்றது. நாற்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது, நூற்றுக்கணக்கான ஆங்கில நாவல்களில் ஆயிரம் கதவுகள் சாத்தப்பட்டதைப் படித்திருக்கிறேன். ஒரு கதவாவது 'பிஹைண்ட் ஹெர்செல்ஃப்' சாத்தப்பட்டதா என்றால், இல்லை. கண் இத்தனை வருஷம் சரியாகப் படித்திருக்கிறது. வாய்தான் மகளிடம் ரூல் பேசியிருக்கிறது.

அன்றிலிருந்து மூன்று வாரமாக இதே வேலை. கிடைத்த கட்டுரைகளையும் இலக்கண நூல்களையும் படித்துக் குறிப்பு எடுத்ததன் சாரம் இது. நான் மொழியியல் படித்தவன் இல்லை, பி.இ. படித்துவிட்டு மென்பொருள் எழுதுகிறவன். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் அந்த ரூல். நம் பள்ளிகளில் சொல்லித் தருவது இதுதான்: எழுவாயும் செயப்படுபொருளும் ஒரே ஆளைக் குறித்தால் 'செல்ஃப்' போட்ட சொல் வர வேண்டும். 'ராமன் தன்னைத்தானே வெட்டிக்கொண்டான்' என்றால் 'ஹிம்செல்ஃப்'. 'ஹிம்' போட்டால் வேறு எவனையோ வெட்டினான் என்று ஆகிவிடும். வினைக்கு நேரடியான செயப்படுபொருளாக இருக்கும்வரை இந்த ரூல் நன்றாகவே வேலை செய்கிறது. சிக்கல், நடுவில் ஒரு பிரபொசிஷன் வந்து உட்காரும்போதுதான்.

கீழே சொல்கிறவற்றை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'டேக் ஆன் அம்ப்ரெல்லா வித் யூ'. 'ஐ ஹேவ் நோ மணி ஆன் மீ'. 'ஷி ப்ராட் ஹெர் மதர் வித் ஹெர்'. 'ஹி ஹேஸ் ஹிஸ் ஹோல் லைஃப் பிஃபோர் ஹிம்'. எல்லாவற்றிலும் செய்கிறவரும் பிரபொசிஷனுக்குப் பின்னால் வருகிறவரும் ஒரே ஆள். பள்ளி ரூலின்படி எல்லாமே தப்பு. ஆனால் ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள யாரும் 'டேக் ஆன் அம்ப்ரெல்லா வித் யுவர்செல்ஃப்' என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் சிரிப்பார்கள்.

இன்னொரு பக்கம், 'ஷி டாக்ஸ் டு ஹெர்செல்ஃப்', 'ஹி இஸ் ப்ரௌட் ஆஃப் ஹிம்செல்ஃப்', 'பிலீவ் இன் யுவர்செல்ஃப்'. இவற்றிலும் பிரபொசிஷன் இருக்கிறது. இங்கே 'செல்ஃப்' கட்டாயம். எடுத்துவிட்டால் அர்த்தமே மாறிவிடும்.

நடுவில் இருப்பவை இன்னும் வேடிக்கை. போர்வையைத் தன்மேல் இழுத்துக்கொண்டான் என்பதற்கு 'ஓவர் ஹிம்', 'ஓவர் ஹிம்செல்ஃப்' இரண்டும் சரி. தன் பக்கத்தில் பாம்பைப் பார்த்தான் என்பதற்கும் இரண்டும் சரி. ஆக கட்டாயம் வர வேண்டியது, வரவே கூடாதது, வந்தாலும் வராவிட்டாலும் சரி என்று மூன்று வகை. பள்ளிப் புத்தகத்தில் ஒரே வகைதான்.

இந்தப் பாம்பு பெரிய ஆட்களையே கடித்திருக்கிறது. நோம் சாம்ஸ்கி 1981இல் வெளியிட்ட 'லெக்சர்ஸ் ஆன் கவர்ன்மெண்ட் அண்ட் பைண்டிங்' நூலில் 'ஹிம்', 'ஹிம்செல்ஃப்' போன்ற சொற்களுக்கு அழகான இரண்டு விதிகள் வைத்தார். மிகவும் சுருக்கிச் சொன்னால் இப்படி: ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் முன்னால் சொன்ன ஆளையே குறிக்க வேண்டுமா, 'ஹிம்செல்ஃப்' போடு. அந்த எல்லைக்குள் அதே ஆளைக் குறிக்கக் கூடாதா, 'ஹிம்' போடு. ஒன்று வரும் இடத்தில் மற்றது வராது. இஃப், எல்ஸ் மாதிரி. புரோகிராமருக்கு இதைப் பார்த்தாலே கை அரிக்கும், உடனே கோடு எழுதலாம் போலிருக்கும். ஆனால் பாம்பு வாக்கியத்தில் ஒரே இடத்தில் இரண்டும் வருகிறதே? இஃப் கிளையும் ஓடுகிறது, எல்ஸ் கிளையும் ஓடுகிறது. எல்லையை மாற்றி வரைந்து, கண்ணுக்குத் தெரியாத எழுவாய்களைச் சேர்த்து எப்படி எப்படியோ சரிக்கட்டிப் பார்த்தார்கள். படிக்கும்போது, டெஸ்ட் ஒவ்வொன்றாக ஃபெயில் ஆக ஆக ஒவ்வொரு கண்டிஷனாகச் சேர்த்துக்கொண்டே போகிற கோடுதான் ஞாபகத்துக்கு வந்தது.

1993இல் தான்யா ரைன்ஹார்ட், எரிக் ரூலண்ட் என்ற இருவர் 'ரிஃப்ளெக்சிவிட்டி' என்ற கட்டுரையில் இதைத் திருப்பிப் போட்டார்கள். கேள்வியை வாக்கிய அமைப்பில் தேடாதே, வினையில் தேடு என்றார்கள். ஒரு வினை நடக்கச் சில ஆட்கள் தேவை. ஒரு ஃபங்ஷனுக்கு ஆர்குமெண்ட் மாதிரி. 'பேசு' என்றால் பேசுகிறவர் ஒருவர், கேட்கிறவர் ஒருவர். இரண்டு இடத்திலும் ஒரே ஆளை வைத்தால் அதற்கு அடையாளம் போட வேண்டும், அதுதான் 'செல்ஃப்'. பாம்பு வாக்கியத்தில் 'பார்' என்ற வினைக்குத் தேவை பார்க்கிறவரும் பார்க்கப்படுகிற பாம்பும். 'பக்கத்தில்' என்பது வெறும் இடம். அந்த இடத்தில் யார் இருந்தாலும் வினைக்குக் கவலை இல்லை. அதனால் அங்கே 'ஹிம்' போடத் தடையில்லை, 'ஹிம்செல்ஃப்' போடவும் தடையில்லை.

இதைப் படித்ததும் எனக்குப் பெரிய திறப்பாக இருந்தது. 'டாக் டு' என்பதில் இருக்கிற 'டு' வினையோடு ஒட்டிப் பிறந்தது. 'ப்ரௌட் ஆஃப்' அப்படித்தான். 'பிஹைண்ட்' தனி ஆள், சொந்தக் காலில் நிற்கிறது.

ஆனால் இவர்கள் சொன்னதும் முழுசாக ஒத்துவரவில்லை. தடை இல்லை என்று சொல்கிறார்களே தவிர, மக்கள் ஏன் ஒன்றையே தேர்ந்தெடுக்கிறார்கள் என்று இதிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. குடை வாக்கியத்தில் இரண்டுக்கும் அனுமதி இருக்கிறது என்றால், 'வித் யுவர்செல்ஃப்' ஏன் காதில் அறைகிறது? கதவு ஏன் எப்போதும் 'பிஹைண்ட் ஹெர்' சாத்தப்படுகிறது?

இதற்குப் பதில் பழைய ஆங்கிலத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் இன்று உள்ள 'ஹிம்செல்ஃப்' கிடையாது. 'செல்ஃப்' என்ற சொல் இருந்தது, ஆனால் அதன் வேலை அழுத்தம் கொடுப்பது. ராஜாவே வந்தான் என்கிறோமே, அந்த 'ஏ'. தன்னைக் கழுவிக்கொண்டான் என்பதற்கும் அவனைக் கழுவினான் என்பதற்கும் ஒரே சாதாரணச் சொல்தான், இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியது. ஆங்கிலத்துக்கு மிக நெருங்கிய சொந்தமான ஃப்ரீசியன் மொழியில் இன்றும் அப்படித்தான். குழப்பம் வரக்கூடிய இடங்களில் அழுத்தத்துக்காகச் சேர்த்த 'செல்ஃப்' மெல்ல மெல்ல ஒட்டிக்கொண்டு, பல நூற்றாண்டுகள் கழித்துக் கட்டாயம் ஆனது. எட்வர்ட் கீனன் என்ற அறிஞர் பழைய பிரதிகளிலிருந்து ஆயிரக்கணக்கான உதாரணங்களைத் திரட்டி இந்த மாற்றத்தைப் படிப்படியாகக் காட்டியிருக்கிறார்.

அதாவது 'பிஹைண்ட் ஹிம்' என்பது விதிவிலக்கே இல்லை. அதுதான் அந்த வீட்டில் பழைய குடி. 'செல்ஃப்' பின்னால் வந்த குடித்தனக்காரன். முதலில் கூடத்தைப் பிடித்தான், அதாவது வினையின் நேரடிச் செயப்படுபொருளை. திண்ணைவரை இன்னும் வந்து சேரவில்லை. அமெரிக்காவின் தென்பகுதியில் 'ஐ பாட் மீ எ கார்' என்று இன்றும் பேசுகிறார்கள். அங்கே கூடத்திலேயே பழைய ஆள் ஒரு மூலையில் பாய் விரித்திருக்கிறார்.

ஏன் திண்ணைக்கு வரவில்லை? தேவைப்படவில்லை, அவ்வளவுதான். அடி, திட்டு, வெட்டு, பாராட்டு இதெல்லாம் பொதுவாக நாம் மற்றவர்களுக்குச் செய்வது. தனக்கே செய்துகொண்டால் அது செய்தி, அதற்கு ஒரு கொடி காட்ட வேண்டும். ஆனால் குடையை யாரோடு எடுத்துப் போவோம்? கதவை யார் முதுகுக்குப் பின்னால் சாத்துவோம்? சட்டைப் பையில் காசு இல்லை என்றால் யார் சட்டைப் பை? தன்னைச் சுற்றியுள்ள இடம் என்பதுதான் இயல்பான எதிர்பார்ப்பு. எதிர்பார்த்ததற்குக் கொடி எதற்கு? இந்தப் பக்கம் யோசித்த மொழியியலாளர்கள் பலர் இருக்கிறார்கள். எனக்கு இவர்கள் சொல்வதுதான் குடையையும் கதவையும் சேர்த்து விளக்குகிறது.

சரி, நானும் அந்த ஆசிரியையும் ஏன் இவ்வளவு உறுதியாக 'ஹிம்செல்ஃப்' என்று நினைத்தோம்? பள்ளி ரூல் மட்டும் காரணம் இல்லை, நம் காதும் காரணம். தமிழில் 'ராமன் தனக்குப் பின்னால் பார்த்தான்' என்றால் ராமனுக்குப் பின்னால். 'ராமன் அவனுக்குப் பின்னால் பார்த்தான்' என்றால், எழுத்துத் தமிழில், வேறு எவனுக்கோ பின்னால். (பேச்சில் நாம் இவ்வளவு கறாராக இல்லை. 'அவன் அவனோட வீட்டுக்குப் போயிட்டான்' என்று தாராளமாகச் சொல்கிறோம்.) 'தன்' என்பதற்கு 'செல்ஃப்' என்று மனதில் ஒரு சமன்பாடு போட்டுவிட்டோம். 'தன்' வரும் இடத்தில் எல்லாம் 'செல்ஃப்' போடக் கை போகிறது.

இந்தி இன்னும் மோசம். அங்கே 'அப்னே' என்ற ஒரே சொல் நான், நீ, அவன் எல்லோருக்கும் வேலை செய்கிறது. நான் என்னிடம் வைத்துக்கொண்டேன் என்பதற்கும் 'அப்னே பாஸ்'தான். நம் ஊர் அலுவலக மின்னஞ்சல்களில் அடிக்கடி பார்க்கும் 'ஐ ஹேவ் கெப்ட் த ஃபைல் வித் மைசெல்ஃப்' அங்கிருந்து வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஜெர்மன்காரர்களும் நம் கட்சிதான், தனக்குப் பின்னால் என்றால் 'ஸிஷ்' என்ற தற்சுட்டுச் சொல்லைத்தான் போட வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலத்தின் கட்சி, அங்கே சாதாரண 'லுய்' போதும். எனவே ஒரு ஜெர்மன் மாணவரும் இதே கேள்வியில் தடுமாறினால் ஆச்சரியம் இல்லை.

இங்கே எனக்கு ஒரு எண்ணம் வந்தது. 'தன்' என்பதை 'செல்ஃப்' என்று மொழிபெயர்ப்பதுதானே பிழை? தமிழில் 'செல்ஃப்' உடைய உண்மையான ஜோடி வேறு இருக்கிறது: 'தன்னைத்தானே', 'தனக்குத்தானே'. அந்த இரட்டைச் சொல். அதை வைத்துச் சோதித்துப் பாருங்கள். தனக்குத்தானே பேசிக்கொண்டாள்: சொல்லலாம், எனவே 'ஹெர்செல்ஃப்'. தன்னைத்தானே நம்புகிறான்: சொல்லலாம். தனக்குத்தானே பின்னால் பார்த்தான்: சிரிப்பு வருகிறது, எனவே 'ஹிம்'. குடையை உன்னோடு நீயே எடுத்துப் போ: அபத்தம், எனவே 'யூ'. போர்வையைத் தன்மேல் தானே போர்த்திக்கொண்டான்: ஒரு மாதிரி சொல்லலாம். அதனால்தான் அங்கே இரண்டும் செல்லும் போல.

இன்னும் நுணுக்கமாக ஒன்று. சுசுமு குனோ என்ற ஜப்பானிய-அமெரிக்க மொழியியலாளர் 1987இல் எழுதிய 'ஃபங்ஷனல் சிண்டாக்ஸ்' நூலில், ஒருவன் தனக்குப் பின்னால் ஒரு பொருளை ஒளித்துவைப்பதைப் பற்றிப் பேசுகிறார். 'பிஹைண்ட் ஹிம்' என்றால் பொருள் அவனுக்குப் பின்பக்கம் எங்கேயாவது இருக்கலாம், நாலடி தள்ளி ஒரு பெட்டிக்குள்கூட. 'பிஹைண்ட் ஹிம்செல்ஃப்' என்றால் அவன் உடம்பை ஒட்டியே, உடம்பையே மறைப்பாக வைத்து ஒளிக்கிறான். படித்த உடனே தமிழில் சொல்லிப் பார்த்தேன். 'புத்தகத்தைப் பின்னால் மறைத்து வைத்தான்', 'புத்தகத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டான்'. இரண்டாவதில் புத்தகம் முதுகை ஒட்டித்தானே இருக்கிறது? ஆங்கிலம் பெயர்ச்சொல்லில் காட்டுகிற வித்தியாசத்தைத் தமிழ் வினையில், 'கொள்' என்ற ஒட்டில் காட்டுகிறது. ரைன்ஹார்ட்டும் ரூலண்டும் விடையை வினையில் தேடச் சொன்னார்கள். நம் வினையில் அது வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. ராத்திரி பன்னிரண்டரை மணிக்கு மனைவியை எழுப்பி இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை.

இதை ரூல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 'கொள்' எல்லா இடத்திலும் கைகொடுக்காது: குடையையும் 'எடுத்துக்கொண்டு'தான் போகிறோம். சில தொடர்கள் உறைந்து போனவை, மனப்பாடம்தான் செய்ய வேண்டும். 'பை ஹிம்செல்ஃப்' என்றால் தனியாக. 'பிசைட் ஹிம்' என்றால் அவன் பக்கத்தில், 'பிசைட் ஹிம்செல்ஃப்' என்றால் துக்கத்தாலோ கோபத்தாலோ நிலைகொள்ளாமல். பையைத் தன் பக்கத்தில் வைத்தான் என்று எழுதப் போய் 'செல்ஃப்' சேர்த்தால், படிப்பவர் ஒரு நொடி அவனுக்கு என்ன ஆச்சு என்று பதறுவார்.

இரண்டும் செல்லும் இடங்களில் எது எப்போது என்பதற்கு எனக்குப் பிடித்த விளக்கம் பார்வைக்கோணம். நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிலர் நிற்கிற புகைப்படம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். குழந்தைகள் அவர்களுக்குப் 'பின்னால்' இருக்கிறார்கள் என்கிறேன். எந்தப் பின்னால்? அவர்கள் முதுகுப்பக்கம் என்றால் நமக்கு அருகில், படத்தின் முன்பகுதியில். நம் பார்வையிலிருந்து சொன்னால் அவர்களைத் தாண்டி, படத்தின் ஆழத்தில். 'பிஹைண்ட் தெம்செல்வ்ஸ்' என்று சொன்னால் முதல் அர்த்தம்தான் கிடைக்கும் என்று 1974இலேயே கான்ட்ரால் என்பவர் இப்படி ஒரு படத்தை வைத்தே காட்டியிருக்கிறார். 'தெம்' என்றால் இரண்டும் முடியும். கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் செய்தவர்களுக்குச் சட்டென்று புரியும். 'செல்ஃப்' போட்டால் அந்தப் பொருளின் சொந்த ஆயத்தொலை அமைப்புக்குள் போய்விடுகிறோம். கதைசொல்லி அந்தப் பாத்திரத்தின் கண்ணுக்குள் போகிறார். ஆன் ஸ்ரிபி-ஹெர்ட்ஸ் 1989இல் ஆங்கில நாவல்களை அலசி, பாத்திரத்தின் மனதுக்குள்ளிருந்து கதை நகரும்போது, வாக்கியத்தில் துணைக்கு ஆளே இல்லாமல்கூட 'ஹிம்செல்ஃப்' தனியாக வந்து நிற்பதைக் காட்டினார். கானா, டோகோ நாடுகளில் பேசும் எவே மொழியில் இதற்கென்றே தனிச் சொல் இருக்கிறது: யாருடைய பேச்சை, எண்ணத்தைச் சொல்கிறோமோ அவரை மட்டும் குறிக்கும் சொல். நம் 'தான்' இதற்குத் தூரத்துச் சொந்தம். 'மாலதி, தன்னை யாரும் கூப்பிடவில்லை என்று சொன்னாள்' என்பதில் 'தன்னை' மாலதிதான், சந்தேகமே இல்லை. இதே வாக்கியத்தை ஆங்கிலத்தில் 'ஹெர்செல்ஃப்' போட்டு எழுத முடியாது.

இப்போது அலுவலகத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அங்கேயும் நான் ஒரு பாவம் செய்திருக்கிறேன். 'ப்ளீஸ் சென்ட் இட் டு குமார் ஆர் மைசெல்ஃப்' என்று ஜூனியர்கள் எழுதினால் 'மீ' என்று திருத்தி, பக்கத்தில் ஒரு குத்தல் கமெண்டும் போடுவேன். வாக்கியத்தில் 'ஐ' இல்லாமல் 'மைசெல்ஃப்' வரவே கூடாது என்று இணையத்தில் இலக்கணக் காவலர்கள் சொல்வதை வேதமாக எடுத்துக்கொண்டிருந்தேன். அது வரலாறு தெரியாத பேச்சு. நல்ல எழுத்தாளர்கள் நூற்றாண்டுகளாக இப்படி எழுதியிருக்கிறார்கள். 1995இல் சி. எல். பேக்கர் இந்தத் தனித்து நிற்கும் 'செல்ஃப்' பற்றி எழுதிய கட்டுரைக்கு ஜேன் ஆஸ்டினின் நாவல்கள்தான் சுரங்கம். 'எஞ்சினியர்ஸ் லைக் மைசெல்ஃப்' போன்ற தொடரை விளக்குவதற்காக, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மேலே 'நான் உனக்குச் சொல்கிறேன்' என்று ஒரு மறைந்த வாக்கியம் இருக்கிறது என்று ஜான் ராபர்ட் ராஸ் 1970இல் வாதாடினார். புத்திசாலித்தனமான வாதம்தான், ஆனால் எரர் வராமலிருக்க மொத்த புரோகிராமையும் இன்னொரு ஃபங்ஷனுக்குள் சுற்றுவது போல இருக்கிறது.

எனக்குத் தோன்றுவது எளிய காரணம். 'குமார் ஆர் மீ' கொஞ்சம் முரட்டுத்தனமாகக் காதில் விழுகிறது. 'குமார் ஆர் ஐ' பிரபொசிஷனுக்குப் பின்னால் பிழை. இரண்டுக்கும் நடுவில் மரியாதையான ஒதுங்கிடம் 'மைசெல்ஃப்'. தற்சுட்டுச் சொல் மரியாதைக்குப் போவது நமக்குப் புதிதா என்ன? 'தான்' என்பதன் பன்மையான 'தாங்கள்'தானே பெரியவர்களை விளிக்கும் சொல்லாக ஆனது? இந்தியின் 'ஆப்' வந்ததும் 'ஆத்மன்' என்ற சொல்லிலிருந்துதான், 'அப்னா'வும் அதே வேர். அயர்லாந்தில் வீட்டுப் பெரியவரை 'ஹிம்செல்ஃப்' என்று குறிப்பிடுவது வழக்கம். நாம் 'அய்யா இருக்காரா' என்று கேட்பது போல. இதற்காக 'சென்ட் இட் டு மைசெல்ஃப்' என்று தனியாக எழுதுவதையும் ஏற்கச் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் கரகரக்கிறது. ஆனால் இன்னொரு பெயரோடு சேர்ந்து வருவதைப் பிழை என்று அடிப்பதை நிறுத்திவிட்டேன். குத்தல் கமெண்ட் வாங்கிய பையன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான்.

இதையெல்லாம் கறாரான ஒரு வரிக்குள் அடைக்காமல், மூன்று வகையையும் மூன்றாகவே ஒப்புக்கொள்ளும் ஒரு நூல் வேண்டுமென்றால், ஹடில்ஸ்டனும் புல்லமும் 2002இல் கொண்டுவந்த 'த கேம்பிரிட்ஜ் கிராமர் ஆஃப் த இங்கிலிஷ் லாங்வேஜ்'. 1,800 பக்கங்களுக்கு மேல். எங்கே கட்டாயம், எங்கே விருப்பம், எங்கே முடியவே முடியாது என்று பொறுமையாகப் பிரித்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்புக்கு அத்தனையும் வேண்டாம். ஒரு மதிப்பெண் கேள்வியில் 'பிஹைண்ட் ஹிம்' என்று எழுதிய குழந்தையை அடிக்காமலிருந்தால் போதும்.

நேற்று மகளை உட்காரவைத்து, "அப்பா சொன்னது தப்பும்மா, நீ எழுதினதுதான் சரி" என்றேன். பாம்பு, போர்வை, குடை எல்லாவற்றையும் சொன்னேன். தன்னைத்தானே சோதனை அவளுக்குப் பிடித்திருந்தது. தானாகவே நாலு வாக்கியம் போட்டுப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் கேட்டாள்: "அப்போ ஆனுவல் எக்ஸாம்ல இதே கேள்வி வந்தா எதைப்பா எழுதறது?"

சட்டென்று பதில் வரவில்லை. ஆசிரியைக்கு அரைப் பக்கத்தில் ஒரு கடிதம் எழுதி, நாவல்களிலிருந்து ஆறு கதவுகளை உதாரணமாகச் சேர்த்து, அவள் பையில் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை கொடுப்பாள். மதிப்பெண் கேட்கவில்லை என்பதைக் கடிதத்தில் இரண்டு தடவை எழுதியிருக்கிறேன்.